மலைப் பக்கம் ஒதுங்கும் விமானம்

காற்று இல்லை. நீ அதைத்தான் சொல்வாய், அதனால் முதலில் அதற்கே பதில். கண்மாய்க் கரைப் பனைகளில் ஓர் ஓலைகூட அசையவில்லை. வடக்கே அனுப்பினாலும் நம் ஆளில்லாக் குட்டி விமானம் மலைப் பக்கம் ஒதுங்குகிறது. தெற்கே திருப்பினாலும் மலைப் பக்கம்.

இறக்கையில் நீ ஒட்டிய பசை வெயிலில் இளகி மணக்கிறது. வழிந்து, உன் கட்டைவிரல் ரேகையோடு காய்ந்த பசை. துடைத்துவிட்டு ஒட்டு என்று எத்தனை முறை சொன்னேன்.

ராஜபாளையத்தில், பஞ்சுக் கிடங்கின் மாடியில் நாம் விமானம் செய்யும் அறை. நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் நீ எதையாவது 'சரி' செய்து வைத்திருப்பாய். காரணம் தேட மாட்டாய். இடப்பக்கம் இழுத்தால் ஆட்டோபைலட்டில் வலப்பக்கம் கொஞ்சம் கூட்டி வைப்பாய்.

"ஏட்டி, நேராப் போவுதா இல்லையா? பொறவு என்ன ஆராய்ச்சி?" என்பாய்.

எரிச்சலாக வரும். இப்போதும் வருகிறது.

இந்தக் கண்மாய் வேலையை ஒத்துக்கொண்டதும் நீதான். அந்த ஊர் விவசாயி மாடசாமி அண்ணாச்சிக்கு வேண்டியது மேலிருந்து ஒரு படம். யார் யார் கண்மாயை ஆக்கிரமித்து உள்ளே எவ்வளவு தூரம் தென்னை வைத்திருக்கிறார்கள் என்று வ. புதுப்பட்டிக்காரர்கள் அதிகாரிகளிடம் காட்ட வேண்டும். பிளவக்கல் அணையில் தண்ணீர் திறந்துவிட்டால் கண்மாய்த் தரை மூழ்கிவிடும். பிறகு அடுத்த கோடைதான். அதற்குள் இன்னும் நாலு வரிசை தென்னை ஏறியிருக்கும். வாக்குக் கொடுத்தாய். ஆடியில் ஒரு காய்ச்சலோடு போய்விட்டாய். இதையும் என் தலையில் கட்டிவிட்டு.

இந்த வாரம் முழுக்கச் சோதனை. வால் துடுப்பு நேர். மோட்டார் நேர். நீ கூட்டி வைத்த எண்களையெல்லாம் அழித்தேன். திசைமானிக்கு மறுபடி மறுபடி வடக்கைக் கற்றுக்கொடுத்தேன்: விமானத்தை மார்போடு அணைத்து, சுற்றி, கவிழ்த்து, நிமிர்த்து, மறுபடி சுற்றி.

"என்ன தாயி, திருஷ்டி கழிக்கியா?" என்றார் அண்ணாச்சி.

விமானத்தை இன்னொரு முறை கவிழ்த்தேன்.

"அந்தப் பிள்ளை இருந்தா இந்நேரம் பறந்திருக்கும்லா."

"அவ இருந்தா காத்துன்னு சொல்லியிருப்பா, அண்ணாச்சி."

"சொல்லட்டுமே. தண்ணி வந்துட்டா மீனைத்தான் படம் புடிக்கணும்."

விமானத்தைத் தரையில் வைத்தேன். போனில் திசை எண் தெரிகிறது. பார்க்கக் குனிந்தேன். எண் நகர்ந்தது. நிமிர்ந்தேன். பழைய இடத்துக்கே வந்தது. மறுபடி குனிந்தேன். நகர்ந்தது.

விமானத்தில் இல்லை கோளாறு. என்னிடம்.

ஊக்குகள். பேட்டரி மூடியின் கொக்கி உடைந்தபோது, உன் வளையலில் கோத்து வைத்திருந்த ஊக்குகளைக் கழற்றி அந்த மூடியில் வரிசையாகக் குத்தினாய். அசிங்கமாக இருக்கிறது என்றேன். நீ போன பிறகு ஒழுங்கான பட்டை வாங்கி மாட்டினேன். ஊக்குகளைத் தூக்கிப் போட முடியவில்லை. துப்பட்டாவில், தோள் பக்கம், மொத்தமாகக் குத்திக்கொண்டேன். அணைத்துச் சுற்றியபோதெல்லாம் அந்த இரும்பு திசைமானியின் பக்கத்தில் இருந்திருக்கிறது. அதையும் சேர்த்தே அது வடக்கைக் கற்றது. மேலே போனதும் இரும்பு இல்லை. கற்ற வடக்கும் இல்லை.

நீ குத்தியிருந்த காலத்தில் ஊக்கு விமானத்தோடு சேர்ந்து சுற்றியது, விமானத்தோடு சேர்ந்தே பறந்தது. தொல்லையே இல்லை. அதுதான் தாங்கவில்லை. உன் அரைகுறை வேலை சரி. நான் ஒழுங்குபடுத்தியது தப்பு. சண்டை போடக்கூட நீ இல்லை.

ஊக்குகளைக் கழற்றி ஸ்கூட்டர் பெட்டிக்குள் வைத்தேன். ஸ்கூட்டரைத் தள்ளி நிறுத்திவிட்டு வந்து, மறுபடி அணைத்து, சுற்றினேன். விமானத்தை வானில் எறிந்தேன்.

கரைக்கு இணையாக, கோடு கிழித்தது போலப் போனது. திரும்பி வந்தது. அதே கோடு.

"பாத்தியாட்டி," என்று இடப்பக்கம் திரும்பிச் சொன்னேன். நீ எப்போதும் நிற்கும் பக்கம். ஒரு கோளாறு பிடிபட்டால் இன்னும் இப்படித்தான் ஆகிறது. வாய் என்னைக் கேட்பதில்லை.

அண்ணாச்சி வானத்தைப் பார்த்தபடியே, "பாத்துக்கிட்டுத்தான தாயி இருக்கேன்," என்றார்.

பேட்டரியை மாற்றினேன். தென்கரையிலிருந்து படமெடுக்கத் தொடங்கினேன்.