அலுமாரிக்குள் இருந்த ஜப்பான் கோப்பைகள்

என் அன்பு அக்கா,

போன சனிக்கிழமை, நீங்கள் இல்லாத ஹவுன்ஸ்லோ வீட்டைக் காலி செய்தோம். கவுன்சிலின் வாடகை வீடுதானே, கதவுத் திறப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். உங்கள் மகள் மாதுரி காலையிலிருந்து பெட்டி கட்டிக்கொண்டே இருந்தாள். கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் வந்ததும்தான் நின்றாள்.

"சித்தி, இதெல்லாத்தையும் நான் உடைக்கப் போறன்."

உங்கள் ஜப்பான் தேநீர்க் கோப்பைகளைத்தான் சொன்னாள். பழைய சாமான் விற்கிற கார் பூட் சந்தையில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்தபடியே கொண்டுவந்தீர்களே, அவை. விளிம்பில் பொன், வெளியே புடைத்து நிற்கும் சாம்பல்நிற டிராகன். "ஜப்பான்காரர் வெளிநாட்டுக்கு அனுப்பவெண்டே செய்த சாமான்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வீர்கள். ஒருவரையும் தொட விடமாட்டீர்கள்.

சின்ன வயதில் ஒன்றை உடைத்ததற்கு அவளை அடித்தீர்கள், நினைவிருக்கிறதா? அவளுக்கு இருக்கிறது.

"அம்மாக்கு என்னைவிட இதுதான் பெரிசு" என்றபடி ஒரு கோப்பையோடு பின்வளவுக்குப் போனாள். கொங்கிரீட் தரைக்கு நேரே கையை ஓங்கினாள். பிடித்து இழுத்தால் நானும் உங்கள் பக்கம் என்றாகிவிடும்.

"உடை பிள்ளை. ஆனா உன்ரை அம்மா ஒருக்காலும் இதிலை குடிக்கேல்லை. நீ ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு உடை."

ஓங்கிய கை இறங்க எவ்வளவு நேரமானது! உள்ளே வந்து கேத்திலைப் போட்டேன். அந்தக் கோப்பையிலேயே ஊற்றிக் கொடுத்தேன். அவள் நின்றபடியே, ஜன்னல் பக்கம் திரும்பிக் குடித்தாள். கடைசி மிடறுக்குக் கோப்பையை உயர்த்தியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"சித்தி, இதுக்குள்ளை ஒரு ஆள் இருக்கிறா."

வெளிச்சத்துக்குப் பிடித்தால் அடியில் ஒரு ஜப்பானியப் பெண்ணின் முகம். பீங்கானையே மெல்லிசாக்கி வார்த்த முகம். கீழே வைத்தால் வெறும் வெள்ளை. உங்களுக்குத் தெரியுமா, அக்கா?

"அம்மாவும் இவவைப் பாக்கேல்லைப் போல" என்றாள். பிறகு குசினித் தரையில் உட்கார்ந்து அழுதாள். உங்கள் செத்தவீட்டில் அழாத அழுகை.

கோப்பைகள் இப்போது தோர்ண்டன் ஹீத்தில், அவளுடைய பிளாட்டில். தினமும் அவற்றில்தான் குடிக்கிறாள். கழுவும்போது சிங்கில் முட்டுகிற சத்தம் போனிலேயே கேட்கிறது. எனக்குப் பல் கூசும். ஒருநாள் ஒன்று உடையத்தான் போகிறது. உடைந்தால் நானே போய்த் துண்டுகளைக் கூட்டி அள்ளுவேன். அவளை ஒருவரும் ஏச விடமாட்டேன், உங்களையும்கூட.

உங்கள் தங்கை,
கௌரி