செப்புத் தகட்டில் வைத்த கை

மதினி,

உங்கள் வீட்டைத் தாண்டினால் பூண்டு வதங்கும் வாசம்தான் வரும். முந்தாநாள் மருந்து வாசம் வந்தது. வெடிக்கு அடைக்கிற மருந்து. நம் இரண்டு பேர் சேலையிலும் முடியிலும் இத்தனை வருடம் ஏறிக் கிடந்த வாசம் எனக்குத் தெரியாதா? பட்டாசு ஷெட்டில் வரவேண்டியது வீட்டுக்குள்ளிருந்து வந்தது. அதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன். பிழை இருந்தால் அங்கே இருக்கிறவர்களிடம் காட்டிச் சிரித்துக்கொள்ளுங்கள். அண்ணன் பெண்டாட்டி என்பதெல்லாம் அப்புறம். நீங்கள் எனக்கு முதலில் ஷெட்டுக் கூட்டாளி. திரி சொருகும் வேலையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் நாம். "என்னத் தீ தொடாது புள்ள, சீக்கு வந்துதான் போவேன்" என்பீர்கள். சொன்னபடியே காமாலையில் போனீர்கள். தீ கடைசியில் சுடுகாட்டில்தான் தொட்டது. இதைக் கேட்டால் நீங்களே சிரிப்பீர்கள் என்பதால்தான் எழுதுகிறேன்.

மழை பெய்து வேலை நின்ற ஒரு நாள் உங்கள் வீட்டு டிவியில் மந்திரிகள் பதவி ஏற்றதைப் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? நம் தெருவுக்கு வந்து குடிதண்ணீர் தருவேன் என்று தொண்டை கிழியப் பேசிய ஆளும் அதில் இருந்தார். அவர் தாளைப் பார்த்து வாசித்து முடித்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

"என்ன மதினி, தண்ணியப் பத்தி ஒரு வார்த்த பேசாமப் போறாரு?"

"அது மைக்குல சொன்னது. இது சத்தியம். சத்தியத்துல குழாயெல்லாம் வராது புள்ள."

"பெறகு என்னதான் வரும்?"

பத்தாவது படித்தவர் நீங்கள். விரல் விட்டு எண்ணினீர்கள். நாட்டுச் சட்டத்துக்கு உண்மையாக இருப்பேன், நாடு துண்டுபடாமல் காப்பேன், வேலையை மனச்சாட்சியோடு செய்வேன். அப்புறம், பயம் இல்லாமல், ஒரு பக்கம் சாயாமல், விருப்பு வெறுப்பு இல்லாமல் எல்லாருக்கும் நியாயம் செய்வேன். பிறகு இன்னொரு தாள். பதவியில் தெரியவரும் ரகசியத்தை வெளியே சொல்லமாட்டேன் என்று.

"அப்ப நான் மந்திரியாக முடியாது. எனக்கு ரகசியம் வெத்தலச் சாறு கணக்கா வாயோரம் ஒழுகிரும்" என்றேன்.

நீங்கள் சிரிக்கவில்லை. டிவியையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "பயம் இல்லாம இருந்துறலாம். வெறுப்பக்கூட விட்றலாம். இந்த விருப்பு இருக்கே, அத எங்கன எறக்கி வைக்க?" என்றீர்கள்.

அடுத்த தேர்தலில் நம் வார்டு பெண்களுக்கு வந்தது. உன் வாய்க்கு மைக் வேண்டாம் என்று சொல்லி என்னைப் பிடித்து நிறுத்தியதே நீங்கள்தான். ஜெயித்தும் தொலைத்தேன். பதவி ஏற்கப் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் நின்றபோது என் கை என்னைக் கேட்காமலே சேலையில் துடைத்துக்கொண்டு கதவோரம் சுவரைத் தடவியது. ஷெட்டுக்குள் நுழையுமுன் வாசலில் இருக்கிற செப்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்து, மருந்தில் பொறி தட்டிவிடாதபடி உடம்பில் இருக்கிற கரண்டை இறக்கிவிட்டுப் போகிற பழக்கம். அது இல்லாமல் எந்த வாசலுக்குள்ளும் எனக்குக் கால் வராது.

"என்னம்மா, செவுத்தத் தடவுறீக? ஏதும் தொலஞ்சுபோச்சா?" என்றார் கிளார்க்.

"விடுங்க சார், அவ வேலைக்கு வந்துட்டா" என்று பின்னாலிருந்து நீங்கள் சொல்ல, கூட்டமே சிரித்தது.

திக்கித் திக்கி வாசித்தேன். வெளியே வந்ததும் தாளை உங்களிடம் நீட்டினேன். "மதினி, இதுல பயம், விருப்பு, வெறுப்பு ஒண்ணையும் காணோமே?"

"வார்டு மெம்பருக்கு அம்புட்டுத்தான். அந்த வரியெல்லாம் மந்திரிக்கு."

"தப்பிச்சேன். இனி ஆளு பாத்துத்தான் குழாய்."

"ஏ புள்ள, மொதலாளி கை வச்சாலும் கரண்ட எடுக்குது, நீ கை வச்சாலும் எடுக்குது. அந்தத் தகடு ஆளு பாத்தா எடுக்குது? அதுலதான நெதம் கை வைக்க?"

உங்கள் இடுப்பில் கிள்ளிவிட்டு ஓடினேன்.

ஆனால் அந்தத் தகட்டுப் பேச்சை வைத்துத்தான் தெற்குத் தெருவில் வீட்டுக்குள் வெடி சுற்றியவனை அதிகாரிகளிடம் சொன்னேன். அவன் அம்மா மண்ணை வாரித் தூற்றினாள். மூன்று நாள் நான் வாசலுக்கு வரவில்லை. நீங்கள்தான் வந்து, "சரியாத்தான் செஞ்ச, வந்து சாப்பிடு" என்று தட்டை வைத்தீர்கள்.

முந்தாநாள் மருந்து வாசம் வந்த வீட்டுக்குள் போனேன், மதினி. பின்கட்டில் உங்கள் மகன் முனீசும் அவன் பெண்டாட்டியும் குழாயில் மருந்து அடைத்துக்கொண்டிருந்தார்கள். நாலு எட்டு தள்ளிச் சேலைத் தொட்டிலில் உங்கள் பேத்தி தூங்கினாள். நீங்கள் பார்க்காத பேத்தி. உங்கள் மூக்கு.

"என்ன மருமகனே, வீட்டுக்குள்ளயே தீவாளியா?" என்றேன். கேலியாகத்தான் வாய் திறந்தது. கண் தொட்டிலிலேயே இருந்தது.

"கம்பெனி மூடிக் கெடக்கு அத்தை. சீசன் ஆர்டர். பத்தே நாளு."

"பிள்ளையத் தூக்கிட்டு எந்திரி. ஊருக்கு வெளிய கொண்டுபோயி அழிக்க ஆளுகளக் கூப்புடுதேன்."

"கூப்புட்டா என்னயில்ல பிடிப்பாக?"

"தெக்குத் தெருக்காரனையும்தான பிடிச்சாக."

"அவனும் நானும் ஒண்ணா அத்தை? நீங்க இப்ப மெம்பரும் கெடையாது."

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து அந்தச் சத்தியத் தாளைத் தேடி எடுத்தேன். எழுத்துக் கூட்டி மூன்று தடவை வாசித்தேன். எங்காவது எனக்கு ஒரு சந்து இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. பதவி முடிந்துவிட்டது, அது ஒன்று. விருப்பு இல்லாமல் என்கிற வரியே என் தாளில் இல்லை, அது இரண்டு. நிம்மதியாகப் படுத்திருக்கலாம். தெருமுனைக்கும் வீட்டுக்குமாக நடந்தேன். திரும்பத் திரும்ப அந்தத் தொட்டில்தான் கண்ணில் ஆடியது. மறுபடி போய்க் கூப்பிட்டுப் பார்த்தேன். கதவைத் திறக்கவில்லை.

நேற்று விடிந்து அவர்கள் கதவு திறந்ததும் உள்ளே போனேன். அவன் பெண்டாட்டியையும் பிள்ளையையும் கையைப் பிடித்து இழுத்து என் வீட்டில் உட்காரவைத்தேன். முனீஸ் வாசலில் நின்றான். "எங்கம்மா இருந்தா இப்படிச் செய்வாகளா?" என்று கேட்டான்.

"இருந்தா எனக்கு முன்னாடி அவதான்லே போன் போட்டிருப்பா" என்றேன். போட்டேன்.

அப்படிச் சொன்னேனே, அது நிசமா மதினி? பெற்றவள் நீங்கள். உங்களைக் கேட்காமல் உங்கள் பேரைச் சொல்லிவிட்டேன். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

அதிகாரிகள் வந்து மருந்தை ஈரமாக்கி அள்ளிப்போனார்கள். அவனையும் கொண்டுபோனார்கள். அவன் பெண்டாட்டி என் வீட்டில் இருக்கிறாள், என்னோடு பேசவில்லை. பிள்ளை மட்டும் ஒன்றும் தெரியாமல் என் மூக்குத்தியைப் பிடித்து இழுக்கிறது.

மந்திரிகள் பயமில்லாமல், விருப்பு இல்லாமல் என்று வாசிக்கிறார்கள். எப்படி முடிகிறதோ. எனக்குப் பயமாகத்தான் இருந்தது, இப்போதும் இருக்கிறது. விருப்பும் போகவில்லை. அதை இறக்கிவைக்க இடம் கிடைக்காமல் இடுப்பிலேயே வைத்துக்கொண்டுதான் போன் போட்டேன்.

நாளைக்கு விருதுநகர் போகிறேன், ஜெயிலில் அவனைப் பார்க்க. முகத்தைக் காட்டுவானோ, திருப்பிக்கொள்வானோ. அந்த வாசலில் செப்புத் தகடு இருக்காது. கையைச் சேலையில் துடைத்துக் கதவின் இரும்பிலாவது ஒரு தடவை வைத்துவிட்டுத்தான் உள்ளே போவேன். யார் சிரித்தாலும் சரி. பின்னாலிருந்து நீங்கள் ஒரு வார்த்தை சொல்லிச் சமாளித்துவிடுங்கள்.