கழுவிக் கவிழ்த்த டம்ளர்கள்

போன புதன்கிழமை காலையில் ஒரு டம்ளர் நம் வீட்டைத் தேடி வந்தது.

மஞ்சப்பையும் கையுமாக ஒரு அம்மாள் வாசலில் நின்றார். கொடைரோட்டிலிருந்து காலை பஸ்ஸில் வந்தாராம். உள்ளே வாருங்கள் என்று நான் சொல்வதற்குள் பையிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார். டம்ளர் நிறையச் சீனி. வாயை வாழை இலைத் துண்டால் மூடி நூலால் கட்டியிருந்தது. சீனிக்குள் இரண்டு ஏலக்காயும் போட்டிருப்பார் போல, வாசம் வந்தது.

"போன வருசம் இந்தத் தெருவுல ஒரு வளைகாப்புக்கு வந்தேண்ணே. எங்க மாமியாருக்குன்னு பாயசம் வாங்கிட்டுப் போனதுல டம்ளரும் கூடவே வந்துருச்சு. எடுக்கும்போதெல்லாம் மனசு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அன்னைக்கு டம்ளர் குடுத்த இந்த வீட்டு அக்கா கையில குடுத்துட்டுப் போகணும். இல்லையா அவங்க?"

"இல்லைம்மா" என்றேன். நீ கடைக்கோ கோயிலுக்கோ போயிருப்பதாக நினைத்துக்கொண்டார். "பரவாயில்லண்ணே, செத்த நேரம் இருந்து பாத்துட்டே போறேன்" என்று நாற்காலியில் உட்கார்ந்தார். நீ போய் எட்டு மாதமாகிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாலை போட்ட உன் படத்தை அவராகவே பார்த்துக்கொள்ளட்டும் என்று காபி போட உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். உன்னை ஒரே ஒரு தடவை பார்த்தவர் அவர்.

உனக்கு நான் கடிதம் எழுதியதே கிடையாது. இந்தா இருக்கிற தாடிக்கொம்பில் பெண் எடுத்தவனுக்குக் கடிதம் எழுத என்ன வேலை? பிறந்த வீட்டுக்குப் போனாலும் சாயங்காலமே டவுன் பஸ்ஸில் திரும்பிவிடுவாய். இப்போது எழுதுகிறேன். நீ இருந்தவரைக்கும் உன்னிடம் ஒப்புக்கொள்ளாத ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடை போட்டு, பேப்பர் கப், பேப்பர் தட்டு, தண்ணீர் பாட்டில் என்று விற்றுத்தான் நம் குடும்பம் நிமிர்ந்தது. கல்யாணமோ காதுகுத்தோ, திண்டுக்கல்லில் பாதிப் பந்திக்கு என் சரக்குதான் போகிறது என்று பெருமை பேசுவேன். நீ கேட்டுக்கொண்டு சும்மா இருப்பாய். அந்த ஐப்பசி மழை வரைக்கும்.

தெருக்கோடி வீட்டில் காதுகுத்து முடிந்த மறுநாள் பிடித்த மழை அது. சாக்கடை அடைத்துக்கொண்டு, தண்ணீர் நம் வீட்டுக்குள்ளும் எதிர்வீட்டு ஜெசிந்தா வீட்டுக்குள்ளும் ஏறிவிட்டது. நான் கட்டில்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு ஊர் உலகத்தையெல்லாம் திட்டிக்கொண்டிருந்தேன். நீயும் ஜெசிந்தாவும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சாக்கடைக்குள் கைவிட்டு அள்ளிப் போட்டீர்கள். வந்ததெல்லாம் கப். நீலப் பூப் போட்ட கப். அந்த நீலப் பூவை எத்தனையோ டிசைனில் தேடி எடுத்தவன் நான்தான். நீ ஒன்றைக் கொண்டுவந்து என் கண்ணெதிரே கிழித்தாய். உள்பக்கமிருந்து மெல்லிசாக ஒரு பிளாஸ்டிக் தோல் உரிந்து வந்தது.

"பேப்பரு பேப்பருன்னு சொன்னீங்க. வெறும் பேப்பர்னா தண்ணி ஒழுகியிருக்கணுமேங்க."

"ஊரே வாங்குது. நான் விக்கலைன்னா இன்னொருத்தன் விக்கப் போறான்."

"விக்காதீங்கன்னு நான் சொல்லலையே" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாய்.

சண்டை போட்டிருந்தால் நான் ஜெயித்திருப்பேன். நீதான் சண்டையே போடவில்லையே. மறுவாரம் பரண்மேல் கிடந்த பித்தளை அண்டாவை இறக்கச் சொன்னாய். உன் அப்பா சீராகக் கொடுத்த அண்டா. அதைப் பாத்திரக் கடையில் போட்டுவிட்டு, அதற்கு ஈடாக நூறு எவர்சில்வர் டம்ளர் வாங்கினாய். பேர் வெட்டுகிறவரிடம் நீ குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாய். நான் வெளியே வண்டிக்குக் காவல் நின்றேன். கொர்ரென்று அந்த மிஷின் இழுக்கிற சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டது. நம் வீட்டில் கரண்டி வரைக்கும் உன் பெயர்தான் வெட்டியிருக்கும். இதிலும் அதுதான் என்று நினைத்தேன். எடுத்துப் பார்க்கக்கூட இல்லை. அந்த டம்ளரில் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை என்று வீம்பாக இருந்தேன்.

தெருவில் யார் வீட்டில் விசேஷமானாலும் டம்ளர்களைப் போட்டுக் கட்டிய இரண்டு சாக்கும் கிளம்பிப் போகும். வாடகை கிடையாது. ஒரே ஒரு நிபந்தனை, கழுவிக் கவிழ்த்துக் காயவைத்துத் தர வேண்டும். நான் விடுவேனா? "வாரத்துக்கு ஒரு நாள் தண்ணி வர்ற ஊருல நூறு டம்ளரக் கழுவுறது மட்டும் புண்ணியமாக்கும்?" என்று கேட்டேன். நியாயமான கேள்விதான். நீ யோசித்தாய். மூன்று அகலச் சட்டியில் தண்ணீரை நிறைத்து வைத்து, முதல் சட்டியில் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, அடுத்த இரண்டிலும் முக்கி எடுக்கிற முறையைக் கொண்டுவந்தாய். குழாயைத் திறந்துவிடுகிற பேச்சே இல்லை. மிஞ்சிய தண்ணீர் தெருமுக்குப் புங்கமரத்துக்குப் போனது. அந்த மரம் இன்றைக்கு ஆட்டோ ஸ்டாண்டுக்கே நிழல் கொடுக்கிறது.

இரவல் வாங்கின பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்று நம் பக்கத்தில் உண்டல்லவா? அதனால் சாக்கோடு எப்போதும் ஏதாவது வரும். ஒரு சீப்புச் சிறுமலைப் பழம், ஒரு முழம் மல்லிகை, ஒரு கட்டு முருங்கைக்கீரை. கிறிஸ்துமஸ் முடிந்தால் ஜெசிந்தா வீட்டுக் கல்கல் பலகாரம். அதை முதலில் காலி செய்கிறவன் நான்தான். "வீட்டுக்குள்ளயே எனக்குப் போட்டிக்கடை வச்சிருக்கா" என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டே தின்பேன். "கடையில ஈ ஓட்டுற அன்னைக்கு வாங்க, என் டம்ளர்ல டீ தாரேன்" என்பாய்.

உன்னோடு வாழ்ந்ததில் ஒட்டிக்கொண்டவை நிறைய. பால் பாக்கெட் மூலையை முழுசாக வெட்ட விடமாட்டாய். அந்தத் துணுக்கு பாக்கெட்டோடு தொங்க வேண்டும். தனியாக விழுந்தால் அதை யார் பொறுக்குவது என்று கேட்பாய். என் வண்டி சீட்டுக்கு அடியில் நீ மடித்து வைத்த துணிப்பை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. கடைக்குப் போனால் கை தானாக அங்கே போகிறது. பையை உதறி விரிக்கும்போது உன் ஞாபகம் வந்து, என்ன வாங்க வந்தேன் என்பதையே மறந்து நிற்கிறேன். காய்க்காரம்மா, "என்னண்ணே, வெஞ்சனத்துக்கு என்ன வேணும்?" என்று இரண்டு தடவை கேட்க வேண்டியிருக்கிறது.

இனி சொல்ல வேண்டியதுக்கு வருகிறேன்.

பங்குனியில் நெஞ்சு வலிக்கிறது என்று சொன்ன அன்றைக்கே நீ போய்விட்டாய். பதினாறாம் நாள் காரியத்துக்கு ஊரே வந்திருந்தது. ஜெசிந்தா என்னிடம் வந்து, "அண்ணே, டம்ளரெல்லாம் எடுக்கவா?" என்று கேட்டாள். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வேண்டாம்மா. யாரு கழுவுறது?" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போன் போட்டேன். மூட்டை மூட்டையாகக் கப்பும் தட்டும் பாட்டிலும் வந்து இறங்கின. உன் காரியத்துக்கு வந்தவர்கள் நீலப் பூப் போட்ட கப்பில் தண்ணீர் குடித்தார்கள்.

சாயங்காலம் காற்று கிளம்பியது. பந்தலுக்குப் பின்னால் கொட்டியிருந்த கப்பெல்லாம் தெருவோடு உருண்டு வந்தன. புங்கமரத்தடியில் குவிந்தன. நம் வாசற்படியில் வந்து மோதின. உள்ளே உன் படத்துக்கு விளக்கு எரிகிறது, வெளியே நான் குனிந்து குனிந்து பொறுக்குகிறேன். என்னை நான் அவ்வளவு வெறுத்தது எப்போதும் இல்லை. ஜெசிந்தா மட்டும் ஒரு சாக்கைக் கொண்டுவந்து பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் உன் டம்ளர்களைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். திண்டுக்கல்காரனுக்குப் பூட்டுப் போடச் சொல்லியா தர வேண்டும்? கேட்டு வந்தவர்களிடம், "அவ பொருளு, அவளோட போச்சு" என்றேன். துக்கத்தில் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். உண்மையில் வெட்கம். அந்த டம்ளர்கள் தெருவில் நடமாடுவதைப் பார்க்க எனக்கு முகம் இல்லை. இரண்டு மூன்று மாதத்தில் கேட்பதும் நின்றுவிட்டது. தெருவில் மறுபடியும் கப் உருண்டது. கடையில் வியாபாரம் சூடு பிடித்தது. நீ பத்து வருஷமாகச் சேர்த்த பழக்கத்தை நான் ஒரு பூட்டில் முடித்துவிட்டேன்.

கொடைரோட்டு அம்மாளை பஸ் ஏற்றிவிட்டு வந்தபோது ஜெசிந்தா வாசலில் நின்றாள். அவள் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை நிச்சயம், அழைக்க வந்திருந்தாள். மேசைமேல் இருந்த டம்ளரைப் பார்த்தாள்.

"அவ பேரு போட்ட டம்ளர் ஒண்ணு திரும்பி வந்துருக்கும்மா" என்றேன்.

"அவங்க பேரா?" என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அண்ணே, இத்தனை வருசத்துல நீங்க ஒரு தடவகூட வாசிச்சுப் பாக்கலையா?"

சீனியை ஒரு கிண்ணத்தில் கொட்டிவிட்டு, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக இருந்தது, 'மூணாந்தெரு' என்று. உன் பெயர் இல்லை. என் பெயரும் இல்லை. நம் தெருவின் பெயர். ஒன்றில்தான் இப்படியோ என்று பீரோவைத் திறந்து சாக்கைக் கொட்டினேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே.

சீர் அண்டாவைக் கொடுத்து வாங்கிவிட்டு, ஒரு டம்ளரைக்கூட உனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை நீ. அடுத்தவர் பொருளை எட்டு மாதம் பூட்டி வைத்திருக்கிறேன் நான். தரையில் டம்ளர்களுக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன். கருமாதியில் வராத அழுகை அன்றைக்கு வந்தது. ஜெசிந்தா என்னைத் தேற்ற வரவில்லை. அழுது முடியட்டும் என்று டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமைக்கு இத எடுத்துக்கம்மா."

அவள் தயங்கினாள். "உங்க கடையிலதான் கப்புக்குச் சொல்லியிருக்கேண்ணே. இத எப்படிக் கேக்குறதுன்னு..."

"அந்தச் சரக்கு வராது. கடைக்காரன் சொல்றேன்" என்றேன். அவள் சிரித்தாள்.

கடையை மூடிவிட்டேன் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். அந்த அளவு நான் திருந்தவில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு அட்டை எழுதி வைத்திருக்கிறேன், 'மூன்றாம் தெருக்காரர்களுக்குக் கப் கிடையாது, டம்ளர் உண்டு' என்று. கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். அடுத்த தெருக்காரர் ஒருவர் மட்டும் சிரிக்காமல், எங்களுக்கும் கிடைக்குமா என்று விசாரித்தார். உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

நேற்று நிச்சயம் நல்லபடியாக நடந்தது. பந்தியில் எனக்கு ஒரு டம்ளரில் தண்ணீர் வைத்தார்கள். வீம்பையெல்லாம் விட்டு முதல்முறையாக அதில் குடித்தேன். கப்பில் குடிக்கிற தண்ணீர் மாதிரி அது தெரியாமல் நழுவிப் போகவில்லை. பல்லில் சில்லென்று பட்டது. நீ பக்கத்தில் இருந்து, எப்படி இருக்கு என்று கேட்க மாட்டாயா என்று இருந்தது.

சாப்பாடு முடிந்ததும் ஜெசிந்தா வீட்டுக் கொல்லையில் மூன்று சட்டியில் தண்ணீர் நிரப்பினேன். புளியைக் கரைத்தேன். பெண்கள் எல்லாம் ஓடி வந்து, "நீங்க எந்திரிங்கண்ணே, நாங்க பாத்துக்கிறோம்" என்றார்கள். நான் எழுந்திருக்கவில்லை. இடுப்பு இன்றைக்கும் வலிக்கிறது, விரலில் புளி வாசம் இன்னும் போகவில்லை. கடைசிச் சட்டித் தண்ணீரைத் தூக்கிப் போய்ப் புங்கமரத்துக்கு ஊற்றிவிட்டு வந்தேன்.

உன் காரியத்தன்று யாரு கழுவுறது என்று கேட்டேன் இல்லையா? நூறையும் நான்தான் கழுவினேன். கழுவி, கவிழ்த்து வைத்திருக்கிறேன், வந்து பார்.