பெயிண்டுக்கு மேல் முறுக்கிய எர்த் ஒயர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். உடம்பைக் கேட்டால் நானும் அம்மாவும் நன்றாகத்தான் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்தக் குளிரில் எப்படி இருக்கிறீர்களோ என்று அம்மா தினமும் புலம்புகிறாள். மனசை மட்டும் கேட்காதே. சித்தப்பா என்னோடு பழையபடி பேசி இருபத்திரண்டு நாள் ஆகிறது. நீ போனில் கேட்டபோதெல்லாம் லோடு ஏற்றப் போயிருக்கிறான் என்று நான் சொன்னது பொய்.

நம் பழைய லாரி இரண்டு மாதமாக என் உயிரை எடுத்தது. காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் ஒரு முனகல் முனகிவிட்டு நின்றுவிடும், பேட்டரி இறங்கிக் கிடக்கும். பேட்டரி இரண்டையும் மாற்றினேன், பெல்ட் மாற்றினேன், டைனமோவைக் கழற்றி மாட்டினேன். இன்ஜினை ஓடவிட்டு மீட்டரின் இரண்டு முனையையும் டைனமோவிலேயே வைத்துப் பார்த்தால் இருபத்தெட்டு வோல்ட், சரியாக இருக்கிறது. அதே மீட்டரைப் பேட்டரியிலும் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். புது பேட்டரிதானே, இந்த முட்டிவலியில் யார் குந்துவது என்று விட்டுவிட்டேன். சார்ஜ் ஏறுகிறது, அப்படியானால் யாரோ இறக்குகிறார்கள், சித்தப்பாதான் கேபினில் ஃபேனைப் போட்டுவிட்டுத் தூங்குகிறான் என்று நானே முடிவு கட்டி, ஷெட்டில் பத்துப் பேர் நிற்கும்போது அவனைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். அவன் கோபப்படவே இல்லை. ஃபேன் போடுறதே இல்லண்ணே, வேற வண்டியிலருந்து கரண்ட் எடுக்கும்போது கறுப்பு ஒயர சேஸில மாட்டினா செல்ஃப் எடுக்கல, இன்ஜின்ல மாட்டினா டக்குனு எடுக்குது, அத கொஞ்சம் பாரேன் என்றான். ஓட்டுறவனுக்கு எதுக்குடா ஒயரிங், தூங்குமூஞ்சி என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். சாவியை என் கையில் வைத்துவிட்டு நடந்தான்.

அப்புறம் மூன்று நாள் நானே ஓட்டினேன். ஃபேன் இல்லை, லைட் இல்லை, நாலாம் நாள் காலையில் பேட்டரி மறுபடி படுத்துவிட்டது. வேறு வண்டியிலிருந்து கரண்ட் எடுத்து, அவன் சொன்னபடி கறுப்பு ஒயரை இன்ஜினில் மாட்டிக் கிளப்பிவிட்டு, அப்போதுதான் குந்தி உட்கார்ந்து பேட்டரியில் மீட்டர் வைத்தேன், இருபத்தைந்து. மீதி மூன்று வோல்ட் எங்கே போயிற்று? ஒரு முனையை இன்ஜினிலும் ஒரு முனையை வண்டியின் அடிச்சட்டமான சேஸிலும் வைத்தேன், அங்கே நிற்கிறது மூன்று. இன்ஜினையும் சேஸையும் சேர்க்கும் எர்த் ஒயரின் போல்ட்டைக் கழற்றினால் அடியில் கரண்டைப் போகவிடாமல் பளபளவென்று நீலப் பெயிண்ட். இரண்டு மாதம் முன்னால் ஆர்.டி.ஓ. பரிசோதனைக்குப் போகுமுன் வண்டி அழகாக இருக்கட்டும் என்று நான் அடித்த பெயிண்ட், அதைச் சுரண்டாமல் மேலேயே முறுக்கியதும் என் கைதான். முதலில் எர்த்தைப் பாருங்கடா என்று நாற்பது வருஷமாக ஊருக்கெல்லாம் சொன்ன எலக்ட்ரீஷியன் நான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முறுக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. டயரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதேன்மா, வெட்கமில்லாமல் உனக்கு எழுதுகிறேன்.

மறுநாளே அவன் வீட்டுக்குப் போனேன். சித்தி டீ வைத்தாள், முகம் கொடுக்கவில்லை. தப்பு என்னுதுதான்டா என்றேன், எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். திட்டுனது ஷெட்ல, மன்னிப்பு மட்டும் வீட்டுக்குள்ளயா அண்ணே என்றான். திங்கட்கிழமை தூரத்தில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்கிறான், குடும்பத்தோடு போகிறான். இன்று சனிக்கிழமை. அன்றிலிருந்து தினமும் ஷெட்டுக்குப் போகிறேன், அதே பத்துப் பேரும் இருக்கிறார்கள், மீட்டரைத் துடைத்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறேன். அவன் நியாயம் எனக்குப் புரிகிறது, வாய் வரமாட்டேன் என்கிறது. இந்த வயதில் என்னைப் போல ஒரு கோழையை நான் பார்த்ததில்லை.

நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். குழந்தையைக் குளிரில் வெளியே விடாதே. சித்தப்பாவுக்குப் போன் செய், ஆனால் எனக்காகப் பரிந்து பேசாதே. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அவன் போயிருப்பான். நான் ஷெட்டில் மன்னிப்புக் கேட்டேனா இல்லையா என்று அவனிடமே கேட்டுத் தெரிந்துகொள். என்னிடம் கேட்டால் மறுபடி பொய் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அப்பா