மூன்றடி குறைந்த வீடு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், உன் அப்பா சுகம், வீடு மட்டும் மூன்றடி குறைந்திருக்கிறது. உன் இருமல் நின்றதா, மாப்பிள்ளைக்குப் புது வேலை பழகிவிட்டதா என்று எழுது. இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நான் வாயைத் திறந்தால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி திருத்தம் கொண்டுவருவார், நகரமன்றத்தில் எதிர்த்தரப்புக்காரர்கள்கூட அவ்வளவு செய்வதில்லை. இப்போது அவர் முடிவெட்டப் போயிருக்கிறார், அதற்குள் எழுதி முடிக்கிறேன்.

நான் தேர்தலில் ஜெயித்த நாளிலிருந்து நம் வீட்டில் கவுன்சிலர் யார் என்பதில் ஊருக்கு ஒரு தெளிவு இருந்தது, அது நான் இல்லை. மனுவோடு வருகிறவர்கள் "கவுன்சிலர் சார் இருக்காரா" என்று என்னிடமே கேட்பார்கள், நானும் "இருக்கார், உட்காருங்க" என்று சொல்லித் தண்ணீர் கொண்டுவந்து வைப்பேன். அப்பா மனுவை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு "பாத்துக்கலாம்" என்பார். அந்த ஒரு சொல்லிலேயே ஒன்றரை வருஷம் வார்டை ஓட்டினார். மன்றத்திலோ நான் எழுந்தாலே தலைவர் கடிகாரத்தைப் பார்ப்பார்.

நம் தெருவுக்குப் பின்னால் தாழ்வாக ஒரு சந்து இருக்கிறதே, அங்கேதான் உன் பள்ளிச் சீருடையைத் தைத்த தையல்காரம்மா இன்னும் இருக்கிறார். மழை வந்தால் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர், மிஷினைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டு மன்றத்துக்கு மனு எழுதிக்கொண்டு நடப்பார், பதினோரு வருஷமாக இதே கதை. போன மழையில் நான் போய்ப் பார்த்தேன், தைத்து முடித்த முப்பது சீருடைகள் சாக்கடைத் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தன. அவர் அழவில்லை, "நீங்களும் பாத்துக்கலாம்னுதானே சொல்லப் போறீங்க" என்றார், எனக்குச் சுருக்கென்றது. அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் கொண்டுவந்தேன், தண்ணீர் சந்துக்குள் திரும்பும்படி நம் தெரு மழைநீர் வாய்க்காலை அடைத்துக் கட்டியதெல்லாம் இடிக்கப்பட வேண்டும் என்று. அத்தனை பேரும் கைதட்டி நிறைவேற்றினார்கள். இடிபடப் போவது அடுத்தவர் வார்டு என்றால் எங்கள் மன்றத்தில் நேர்மைக்குப் பஞ்சமே கிடையாது.

பொறியாளர் டேப்போடு வந்தார், தெருவின் முதல் வீடு நம்முடையது என்பதால் இங்கேயே ஆரம்பித்தார். அளந்தார், மறுபடி அளந்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் அளந்தார், பிறகு "மேடம், உங்க கார் ஷெட்டும் முன்படியும் மூணடி வாய்க்கால் மேல நிக்குது" என்றார். அப்பா கையில் இருந்த டீ அப்படியே நின்றது. பொறியாளர் என் பக்கம் குனிந்து, "வேணும்னா அந்தக் கோடியிலேர்ந்து இடிச்சுக்கிட்டு வர்றேன், இங்க வந்து சேர்றதுக்குள்ள உங்க பதவிக்காலமே முடிஞ்சிடும்" என்றார். பொய் சொல்ல மாட்டேன், அந்த யோசனை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. அந்த ஷெட்டுக்கு அப்பா ஓய்வு பெற்றபின் தானே வரைபடம் போட்டு, ஓடு ஓடாகத் தேர்ந்தெடுத்தது உனக்குத் தெரியாதா. ஆனால் மிதந்த சீருடைகள் கண்முன்னே வந்து நின்றன, "முதல் பேரு எங்களோடதுன்னே எழுதுங்க" என்று சொல்லிவிட்டேன்.

மூன்று நாள் அப்பா ஷெட்டிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான்காம் நாள் எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் தெருவையே திரட்டிக்கொண்டு வந்தார். வழக்கம்போல அப்பாவைப் பார்த்து "கவுன்சிலர் சார், இது நியாயமா" என்று கத்தினார்கள். அப்பா எழுந்து நின்று, "நான் கவுன்சிலர் இல்லீங்க, அவங்க உள்ள இருக்காங்க" என்றார். எனக்குப் பதவியேற்பு நடந்தது அன்றைக்குத்தான் என்று வைத்துக்கொள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, "வெள்ளிக்கிழமை முதல் அடி எங்க வீட்டுல விழும், அதப் பாத்துட்டு அப்புறம் சண்டைக்கு வாங்க" என்றேன். மருந்துக்கடைக்காரர் "எல்லாம் ஓட்டுக்கு நாடகம்" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

வெள்ளிக்கிழமை இயந்திரம் வந்தபோது நான் சமையலறையில் கழுவிய பாத்திரத்தையே கழுவிக்கொண்டிருந்தேன். முதல் அடி விழுந்ததும் வாசலில் அப்பாவின் குரல் உயர்ந்தது, ஓட்டுநரோடு அடிதடி என்று பதறி ஓடினேன். அவரோ சொந்த டேப்பைப் பிடித்துக்கொண்டு, "கோட்டுக்கு மேல ஒரு அங்குலம் போகக் கூடாது, ஒரு அங்குலம் குறையவும் கூடாது" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது, சிமென்ட் தூசி என்றார், ஆமாம் என்றேன். அதன்பிறகு நான்கு நாளும் வீடு வீடாக அந்த டேப்போடு இயந்திரத்தின் பின்னாலேயே போனார். மருந்துக்கடைக்காரர் வீட்டில் நான்கு அங்குலம் தப்பித்ததைக் கண்டுபிடித்துத் திரும்ப இடிக்க வைத்தவர் அவர்தான், அவர்கள் இருவரும் இப்போது பேசிக்கொள்வதில்லை. செய்தித்தாளில் இடிந்த நம் சுவருக்கு முன்னால் தலைவர் நிற்கும் படம் வந்தது, நன்றாக உற்றுப் பார்த்தால் ஓரத்தில் என் முழங்கை தெரியும்.

போன வாரம் மூன்று நாள் விடாமல் மழை. இரண்டாம் நாள் மதியம் தையல்காரம்மா குடையோடு வந்து நின்றார், மறுபடியும் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது என்றே நினைத்தேன். ஒரு தாளை நீட்டி, "சந்துல மூணாவது கம்பத்துல லைட் எரியல, ஒரு மாசமாச்சு, வார்டுக்கு ஆளு இருக்கா இல்லையா" என்று பொரிந்தார். "தண்ணி?" என்று கேட்டேன். "தண்ணியா, அது வரலியே" என்று யார் வீட்டுக் கதையையோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, மிஷினில் வேலை கிடக்கிறது என்று திரும்பிப் போய்விட்டார். நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை. பதினோரு வருஷத்தில் தண்ணீரைத் தவிர வேறொன்றுக்காக அந்த அம்மா எழுதிய முதல் மனு அது, நான் அதை நின்ற இடத்திலேயே இரண்டு தரம் படித்தேன்.

அடுத்த மாதம் வரும்போது வாசலில் பழைய ஞாபகத்தில் காலை வைத்துவிடாதே, படி உள்ளே போய்விட்டது, கொஞ்சம் செங்குத்து. வேலை வேலை என்று காலைச் சாப்பாட்டை விடாதே. நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நீடு வாழ வேண்டும், குறை இருந்தால் தயங்காமல் எனக்கு எழுத வேண்டும், அதற்குத்தானே இருக்கிறேன்.

ஆசிகளோடு,
உன் அம்மா