படம் ஒன்றில் என் கட்டில்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். லஸ் பக்கம் மெட்ரோ வேலைக்காக மறுபடியும் பாதையைத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். சாந்தோமிலிருந்து நந்தனம் போய்ச் சேர ஒரு மணி நேரம். ஆபீஸில் ஏ.சி. ரிப்பேர்.

புது ஃபைல். அடையாறில் ஒரு சின்ன கம்பெனி. செல்போனை மெத்தைக்கு அடியில் வைத்துவிட்டால் போதும், தூங்குகிறவருக்கு வலிப்பு வந்தால் கண்டுபிடித்து வீட்டாருக்குச் சொல்லும். புரண்டு படுப்பது எது, வலிப்பு எது என்று பிரித்தறியும் என்பதுதான் அவர்கள் பெருமை. காப்புரிமைக்கு விண்ணப்பம் போடும் முன், உலகத்தில் வேறு யாராவது ஏற்கெனவே இதைச் செய்துவிட்டார்களா என்று நான் தேடிச் சொல்ல வேண்டும். வெள்ளிக்குள்.

பன்னிரண்டு வருஷமாக இதே தேடல். செல்போன், கைக்கடிகாரம், இயர்போன், எதுவானாலும் வசுமதி மேடம் என் மேஜைக்குத்தான் அனுப்புவார். போன வாரம் ஒருவர், கீழே விழும்போது காற்றிலேயே திரும்பி முதுகில் விழுகிற போன் கொண்டு வந்தார். பூனை மாதிரி. தேடினால், அதற்கும் ஜப்பானில் ஒருவர் முந்திவிட்டார்.

வலிப்பு என்ற சொல்லைப் பார்த்ததும் பீட்டர் அண்ணன் ஞாபகம். அவனுக்குப் பத்தொன்பது, எனக்குப் பதினாலு. பட்டினப்பாக்கத்தில் குளிக்கும்போது வந்தது. இடுப்பளவுத் தண்ணீர்தான். வேண்டாம். வேலையைப் பார்.

பக்கத்து சீட் சலீம்: "இன்னா மச்சி, மூஞ்சி ஒரு மாதிரி கீது?" ஏ.சி. இல்லையே, அதான் என்றேன்.

வாங்க வேண்டியது: ஷெரினுக்கு கிராஃப் நோட்டு. மீன், வஞ்சிரம் விலை படிந்தால். கொசுவத்தி.

ஜூலை 9, புதன்

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

பதினொன்றரை மணி இருக்கும். இந்திய விண்ணப்பங்களில் தேடிக்கொண்டிருந்தேன். மெத்தைக்கு அடியில் போன், வலிப்பு. ஒன்று கிடைத்தது. தனி ஆள் போட்டது, வக்கீல் கிடையாது. அடுத்த கட்டப் பரிசோதனைக்குக் கேட்காமல் விட்டதால் செத்துப்போன விண்ணப்பம். ஆனால் வெளியானது வெளியானதுதான். போட்டவருக்கு உரிமை கிடைக்காவிட்டாலும் பின்னால் வருகிறவர்களின் வழியை அடைத்துவிடும். அடையாறுக்காரர்களுக்குக் கெட்ட நேரம், எனக்கு வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டே படத்தைத் திறந்தேன்.

படம் ஒன்று. ஒரு கட்டில். தலைமாட்டுப் பலகையில் இடது மூலை சில்லு பெயர்ந்திருக்கிறது. பின்னால் ஜன்னல். கம்பியில் மூன்று வட்டங்கள், நடு வட்டத்துக்குள் ஒரு சிலுவை.

அந்தச் சிலுவையை வெல்டரிடம் சொல்லி வைத்தது என் அப்பா. அந்த மூலை பெயர்ந்தது நாங்கள் கட்டிலை மாடிப்படியில் இறக்கும்போது.

படத்தில் எண் போட்ட பாகங்களின் விவரம்: 10 கட்டில். 12 மெத்தை. 14 கைபேசி. 16 உறங்குபவர். 18 துணைவரின் மணிக்கட்டுப் பட்டை.

சுவரோரம் படுத்திருக்கும் 16 நான்.

முதல் பக்கத்துக்குப் போனேன். கண்டுபிடித்தவர் பெயர்: ரெஜினா. எங்கள் வீட்டு முகவரி, கதவு எண்ணோடு.

என் மனைவி. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் லேபைப் பார்த்துக்கொள்கிறவள். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். விண்ணப்பம் போட்டு நாலு வருஷம்.

இந்தக் கண்டுபிடிப்பு ஏன் தேவை என்று ஒரு பகுதி இருக்கும். அதில்: கண்டுபிடிப்பாளருக்கு நெருங்கிய ஓர் ஆண், வயது முப்பத்தேழு. விடியற்காலை உறக்கத்தில் வலிப்பு வருகிறது. எழுந்தபின் அவருக்கு எதுவும் நினைவிருப்பதில்லை. தமக்கு நோய் இருப்பதே அவருக்குத் தெரியாது. தெரிந்தால் அவர் உயிருக்கு ஆபத்து நேரலாம்.

பிறகு உரிமைக் கோரிக்கை. அதன் கடைசி வரி: பட்டை ஓசையின்றி அதிர்ந்து துணைவரை மட்டும் எழுப்பும், உறங்குபவர் ஒருபோதும் அறியாதபடி.

மூன்று தடவை படித்தேன். எழுந்து போய் முகம் கழுவினேன். கண்ணாடியில் அதே முகம்தான்.

அப்போது பார்த்து அவளே போன் செய்தாள். "சாப்பிட்டீங்களா? சாதம் குழைஞ்சிடுச்சு இல்ல இன்னிக்கு?"

"இல்ல, நல்லாத்தான் இருக்கு" என்றேன். டப்பாவைத் திறக்கவே இல்லை.

மேடத்திடம் அரை நாள் லீவு கேட்டேன். நிமிர்ந்து பார்த்தார். "என்ன ஜெரால்டு, ஜுரமா? ஆத்துக்குப் போய்ப் படுத்துண்டு நாளைக்கும் ரெஸ்ட் எடுங்கோ. ஃபைல் எங்கேயும் ஓடிப்போயிடாது."

மூன்று மணிக்கு வீடு. யாரும் இல்லை. மெத்தையைத் தூக்கினேன். பலகைக்கு அடியில் ஒரு துணிப்பை, நாலு மூலையிலும் ஆணி. உள்ளே என் பழைய போன். பஸ்ஸில் தொலைத்துவிட்டதாக நினைத்து நான் திட்டு வாங்கிய அதே போன். தொட்டால் லேசான சூடு. கட்டில் காலில் ஓட்டை போட்டு ஒயர், பீரோவுக்குப் பின்னால் பிளக். திரையில் ஒரே ஒரு கோடு. கையால் மெத்தையை அழுத்தினேன். கோடு துள்ளியது.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். நாலு வருஷச் சண்டைகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன.

— பைக்கை விற்கச் சொன்னது. எனக்கு முதுகுவலி வருமாம்.
— பாத்ரூம் தாழ்ப்பாள். உடைந்தது உடைந்தபடியே. எத்தனை தடவை சொல்லியும் ஆள் வரவில்லை.
— என்னைச் சுவரோரம் தள்ளியது. அவளுக்குக் காற்று வேண்டுமாம்.
— நடக்கும் அடியை எண்ணும் பட்டை என்று சொல்லி, அதைத் தூங்கும்போதும் கையிலிருந்து கழற்ற மறுத்தது.
— மாடி வீடு காலியானபோது வேண்டவே வேண்டாம் என்றது.
— ஷெரினோடு நானும் நீச்சல் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றதற்கு மூன்று நாள் பேசாமல் இருந்தது.

பிடிவாதக்காரி, சந்தேகப் பிராணி என்று அவள் அம்மாவிடமே சொல்லியிருக்கிறேன்.

நாலரைக்கு இருவரும் வந்தார்கள். ஷெரின் பள்ளிக் கதை ஏதோ சொன்னாள். சிரித்து வைத்தேன். ரெஜினாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஊரில் எவன் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று போட்டிருக்கிறது. படிக்காதவன் நான் ஒருவன்தான்.

ஜூலை 10, வியாழன்

தூங்கவில்லை. தூங்கப் பயம்.

ஷெரினை வேன் ஏற்றிவிட்டு வந்ததும் பிரிண்டை எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். ரெஜினா படத்தைப் பார்த்தாள். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அழவில்லை.

"எங்க கெடச்சுது?"

"என் வேலையே தேடுறதுதானே ரெஜி."

"ஒரு நாள் உங்க மேஜைக்கு வரும்னு தெரியும். வந்து தொலையட்டும்னுகூட இருந்துச்சு."

"ஏன் சொல்லல?"

"கல்யாணத்துக்கு முன்னாடி பட்டினப்பாக்கத்துல நின்னுக்கிட்டு என்ன சொன்னீங்க? பீட்டருக்கு வந்தது எனக்கு வந்துச்சுன்னா நானே இந்தக் கடல்ல எறங்கிடுவேன்னு சொன்னீங்களா இல்லையா?"

சொன்னேன். மறந்தே போயிருந்தது. "அது ஏதோ பேச்சுக்கு."

"பேச்சுக்குன்னு எனக்கு எப்படிங்க தெரியும்? முதல் தடவ வந்தப்ப ஷெரினுக்கு அஞ்சு வயசு. இன்னிக்கு சொல்லிடலாம், நாளைக்கு சொல்லிடலாம்னு பாத்தேன். ஒரு மாசம் போச்சு. ஒரு மாசம் மறைச்சதுக்கு அப்புறம் எப்படிச் சொல்றது? ஒரு வருஷம் ஆச்சு."

"டாக்டர்?"

"ரெண்டு தடவ போனேன். ஆளக் கூட்டிட்டு வாம்மா, பாக்காம மாத்திரை எழுத மாட்டேன்னுட்டார்."

"அதுக்குப் போயி பேட்டன்ட்டா?"

பிரிண்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நீங்கதானே சொல்வீங்க, ஒரு தடவ வெளியாயிட்டா அப்புறம் எவனும் அதப் பூட்டி வச்சுக்க முடியாதுன்னு. இது வேணுங்கறவங்க எத்தன வீட்ல இருப்பாங்க. பூட்டாம கெடக்கட்டும்னு போட்டேன்."

ஆமாம். சாப்பிடும்போதெல்லாம் கேட்பாள்: எந்தப் படிவம், படத்தில் எண் எப்படிப் போடுவது, பரிசோதனைக்குக் கேட்காவிட்டால் என்ன ஆகும். என் வேலையில் இவ்வளவு ஆர்வமா என்று நான் பூரித்துப்போனது நினைவிருக்கிறது.

கோபம் அப்போதுதான் வந்தது. கத்தினேன். "நான் பைக் ஓட்டியிருக்கேன். ஷெரின முன்னாடி உக்கார வச்சு ஓட்டியிருக்கேன்!"

"அதனாலதான் விக்கச் சொன்னேன்."

"இது என் உடம்பு ரெஜி. எங்கிட்ட சொல்லியிருக்கணும்."

"ஆமா. சொல்லியிருக்கணும்."

அவ்வளவுதான். வேறு எந்தச் சமாதானமும் சொல்லவில்லை. சண்டை போட ஒன்றும் மிச்சமில்லாமல் போய்விட்டது.

பிறகு தன் போனைக் கொடுத்தாள். பதினொரு வீடியோ, டாக்டருக்குக் காட்ட எடுத்தவை. ஒன்றை மட்டும் பார்த்தேன். ஜன்னலில் சாம்பல் நிற வெளிச்சம். கட்டிலில் ஒருவன் விறைத்துக்கொள்கிறான். பல் கடிபடுகிற சத்தம். கண் திறந்திருக்கிறது, பார்வை இல்லை. அது பீட்டர்தான். அதே தாடை, அதே கழுத்து நரம்பு. சட்டை மட்டும் என்னுடையது. பின்னால் ரெஜினாவின் குரல்: "ஒண்ணுமில்லப்பா, ஒண்ணுமில்ல. இதோ முடிஞ்சிடும்."

அதில் அவள் என்னை "அப்பா" என்கிறாள், குழந்தையைச் சொல்வது போல. விழித்திருக்கும்போது ஒருநாளும் சொன்னதில்லை.

"கடைசியா எப்போ?"

"ஷெரினுக்கு ஸ்கூல் தொறந்த வாரம்."

போன மாதம். அன்றைக்கு இட்லி சாப்பிட்டு, பஸ் பிடித்து ஆபீஸ் போயிருப்பேன். நாக்கைக் கடித்துக்கொண்டது எப்படி என்று யோசித்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஜூலை 11, வெள்ளி

மதியம் தூறல். நாலு துளி, அப்புறம் இன்னும் புழுக்கம்.

அறிக்கை கொடுக்கும் நாள். அந்த விண்ணப்பத்தை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எழுதிக் கொடுத்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. பஸ்ஸில் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். வீட்டில் ஒருத்தி மறைத்தது போதும் என்று தோன்றியது. மேடம் அறைக்குள் போய் எல்லாவற்றையும் சொன்னேன். படத்தைக் காட்டி, "16 நான்தான் மேடம்" என்றேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு, "இந்த ஃபைல் இனிமே உங்ககிட்ட இருக்கப்படாது. சலீம் பார்த்துக்கட்டும். அது ஆபீஸ் விஷயம். முதல்ல டாக்டர். நாளைக்கே. என்னண்ட பொய் சொல்லிண்டு திங்கட்கிழமை வந்து நின்னேள்னா உள்ளே விடமாட்டேன்."

சாயங்காலம் அடையாறு கம்பெனிக்காரப் பெண் வந்தாள். முப்பது வயது இருக்காது. தங்கள் விண்ணப்பத்துக்கு வழி அடைபட்டதற்கு அழுவாள் என்று நினைத்தேன். சலீமிடம் பிரிண்டை வாங்கி நின்றபடியே படித்தாள். "புரண்டு படுக்கறத எப்படிப் பிரிச்சிருக்காங்க பாருங்க சார். நாங்க ரெண்டு வருஷமா மண்டைய ஒடச்சுக்கிட்டது. யார் சார் இவங்க? பேச முடியுமா?"

சலீம் என்னைப் பார்த்தான். முடியும் என்று தலையை அசைத்தேன்.

அவள் போனபின் சலீம் என் நாற்காலியைத் தன் பக்கம் இழுத்து, "நைனா, உன் ஊட்டுக்காரம்மா இன்னா ஆளுடா" என்றான். பாராட்டா, பரிதாபமா தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை.

ஜூலை 12, சனி

மயிலாப்பூரில் டாக்டர். ரெஜினா பார்த்துவிட்டு வந்த அதே டாக்டர். தலை முழுக்கப் பசை தடவி ஒயர் ஒட்டினார்கள். காகிதத்தில் கோடு கோடாக வந்தது. வலிப்புதான். மாத்திரை காலை ஒன்று, மாலை ஒன்று. நிறுத்தக் கூடாது. தனியாகக் குளத்திலோ கடலிலோ இறங்கக் கூடாது. தூக்கம் கெடக் கூடாது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் முக்கால்வாசிப் பேருக்கு அடங்கிவிடும் என்றார்.

நான்: "எங்க அண்ணனுக்கும் அடங்கியிருக்குமா?"

"மாத்திரை சாப்பிட்டாரா?"

இல்லை. பீட்டர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். இரும்பு பட்டால் நின்றுவிடுமாம். வெளியே சொல்ல வெட்கப்பட்டு யாரிடமும் காட்டவில்லை. எங்கள் வீட்டில் இதை மறைத்தது இது இரண்டாவது தடவை.

ரெஜினாவின் நோட்டை டாக்டர் புரட்டினார். தேதி, நேரம், எத்தனை நொடி. "இப்படி யாரும் எழுதிட்டு வந்ததில்லம்மா. ஆனா நாலு வருஷம் லேட்."

அவள் தலை குனிந்தாள். ஆட்டோவில் வரும்போதுதான் அழுதாள், மந்தைவெளியிலிருந்து வீடு வரைக்கும். கையைப் பிடித்துக்கொண்டேன். மன்னித்துவிட்டேனா என்றால் சொல்லத் தெரியவில்லை. கையை மட்டும் விடவில்லை.

முதல் மாத்திரை போட்டாயிற்று. கசப்பு இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

காலைப் பூசை. பிரசங்கம் காதில் ஏறவில்லை. வெளியே வந்ததும் ரெஜினா, "ஷெரின்கிட்ட இன்னிக்கே சொல்லிடலாம். இனிமே இந்த வீட்ல மறைக்கறதே வேணாம்" என்றாள். சரி என்றேன்.

சாப்பிட்டு முடித்து மூவரும் உட்கார்ந்தோம். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் வார்த்தை தேடி வைத்திருந்தேன். "அப்பாவுக்குத் தூங்கும்போது சில நேரம் உடம்பு..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்ப்பா" என்றாள் ஷெரின்.

ரெஜினா: "என்ன தெரியும்?"

"அப்பாக்கு ஆடும். நீ ஒருக்களிச்சுப் படுக்க வைப்ப. நான் கீழ பாய்ல தூங்கற மாதிரி கண்ண மூடிட்டுப் பாப்பேன்."

ரெஜினாவின் முகம் வெளுத்தது. போன வருஷம் பரீட்சை வேலையாக அவள் இரண்டு நாள் மதுரைக்குப் போயிருந்தாள். பட்டை அத்தனை தூரம் வேலை செய்யாது. அதனால் இரண்டு நாளும் நான் நன்றாக இருக்கிறேனா என்று பார்க்க விடியற்காலை ஐந்து மணிக்கு எனக்குப் போன் செய்து எழுப்பினாள். ஒன்றும் ஆகவில்லை என்றுதான் நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள்.

"அம்மா மதுரைக்குப் போனப்போ?" என்று கேட்டேன்.

"அப்போ நான் தூங்கல. உங்க பக்கத்துல உக்காந்துட்டிருந்தேன். ரெண்டு நாளும்."

"வந்துச்சா கண்ணு?"

"ரெண்டாவது நாள் வந்துச்சு. அம்மா மாதிரியே திருப்பிப் படுக்க வச்சேன். வெயிட்டா இருந்தீங்க. அப்புறம் நின்னுடுச்சு. அப்போ பால்காரர் பெல் அடிச்சார். போயி பாக்கெட்ட வாங்கி ஃப்ரிட்ஜ்ல வச்சேன்."