ஊற்றுக்குட்டைத் தவளைகள் வெயிலில் சாகவில்லை

அனுப்புநர்
கு. தங்கசாமி (வயது 72), மஞ்சள் விவசாயி,
குட்டைமேடு, நாமகிரிப்பேட்டை வழி,
ராசிபுரம் வட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட வன அலுவலர் அவர்கள்,
நாமக்கல்.

பொருள்: ஊற்றுக்குட்டையில் தவளைகள் தோல் உரிந்து செத்தது – வெயிலே காரணம் என்ற அறிக்கையை மறுப்பது – 28.03.2025 அன்று நடக்கும் தவளைக் கல்யாணத்துக்கு இக்குட்டைத் தவளையை எடுக்காமல் தடுக்கக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எழுத்தறிவு வகுப்பில் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. இம்மனுவை ஒன்பது நாள் உட்கார்ந்து என் கையாலேயே எழுதினேன். அடித்தல் திருத்தல் இருந்தால் பொறுத்தருளவும்; அவையும் என்னுடையவை என்பதில் எனக்கு மகிழ்ச்சியே.

1. கடந்த மார்கழியில் குட்டைத் தவளைகள் சாகத் தொடங்கின. ஆளைக் கண்டால் தண்ணீரில் பாய்பவை, பட்டப்பகலில் கரையில் காலைப் பரப்பிக் கிடந்தன. தொட்டாலும் நகரவில்லை. தோல் வெங்காயச் சருகு போல உரிந்தது. பன்னிரண்டு நாளில் முந்நூறுக்கு மேல் நானே அள்ளிப் புதைத்தேன்.

2. தை முதல் வாரம் ஊராட்சி அலுவலகத்திலிருந்து பார்வையிட வந்தவர்கள் வண்டியை விட்டு இறங்கினார்களே தவிர, குட்டை வரை வரவில்லை. ஊராட்சி எழுத்தர் சிவக்குமார், "ஏனுங்க, தவளைக்கெல்லாம் போஸ்ட்மார்ட்டமுங்களா?" என்று சிரித்தார். பின் ஒரு தாளை நீட்டி, வந்து பார்த்ததற்குச் சாட்சி என்றார். அப்போது எனக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். நாலு பேரைக் காக்க வைத்துப் படிக்க வெட்கப்பட்டுக் கைநாட்டு வைத்தேன்.

3. மாசியில் அதே தாள் ஊராட்சித் தகவல் பலகையில் ஒட்டியிருந்தது. இரண்டு நாள் போய் நின்று படித்தேன். படிக்க வருகிறதே என்ற சந்தோஷம் மூன்றாம் வரி வரைதான் நீடித்தது. 'கடும் வெயிலால் இறந்தன' என்று இருந்தது. அதன் கீழ் என் ரேகை. ஐயா, மார்கழியில் பனிக்குத் தலையில் துண்டு கட்டாமல் நாங்கள் காட்டுக்குப் போவதில்லை. எந்த வெயில்?

4. ஐப்பசியில் மழை பொய்த்ததால் தவளைக் கல்யாணம் வைத்தோம். ஒரே தண்ணீரில் பிறந்தவை பங்காளிகள் என்பதால், பெண்ணை வெளித்தண்ணீரில் எடுப்பதே வழக்கம். சுற்றுக் கிணறுகள் வறண்டுவிட்டதால் சாலையோர வண்ணமீன் பண்ணைத் தொட்டியில் எடுத்தோம். பண்ணைக்காரர் ஜெயபிரகாஷ் வெளிதேசத் தவளைகளையும் வைத்து விற்பவர். தாலி கட்டி, ஜோடியைக் குட்டையில் விட்டோம். நாற்பதாம் நாள் முதல் சாவு. அதே வாரம் பண்ணைத் தொட்டிகளைக் காலி செய்து சுண்ணாம்பு அடித்தார்கள். கேட்டதற்கு ஜெயபிரகாஷ், "வருசா வருசம் அடிக்கிறதுதானுங்க" என்றார். ஏழு வருடமாக அவ்வழியே போகிறேன். ஒரு மார்கழியிலும் அங்கே சுண்ணாம்பு வாசம் அடித்ததில்லை. பார்வையிட வந்தவர்கள் மத்தியானம் சாப்பிட்டதும் அந்தப் பண்ணையில்தான்.

5. எங்கள் வகுப்பை நடத்தும் பிரவீனா கல்லூரியில் விலங்கியல் படிப்பவர். தோலில் பூஞ்சை பிடித்துத் தவளைகள் சாகும் நோய் உண்டென்றும், தவளை வழியாகவும் தண்ணீர் வழியாகவும் அது பரவும் என்றும் சொன்னார். இங்கே அதுதானா என்பதைச் சோதிக்காமல் சொல்ல முடியாது என்றும் சொன்னார். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

6. பிறர் பெயரை எழுதியபின் என்னுடையதையும் எழுத வேண்டும். அந்தப் பெண் தவளையைத் தொட்டித் தண்ணீரோடு செம்புக் குடத்தில் தூக்கி வந்தவன் நான். அதன் தொடையில் தோல் உரிந்திருந்ததைப் பார்த்தேன். நாற்பது வருடம் மஞ்சள் விளைவித்தவன். மஞ்சள் பூசினால் ஆறிவிடும் என்று பூசி, மணையில் வைத்தேன்.

7. இப்போது மலையடிக்காட்டு ஊரார் தங்கள் கல்யாணத்துக்கு எங்கள் குட்டையில் எஞ்சிய தவளைகளில் மாப்பிள்ளை கேட்டிருக்கிறார்கள். அவர்களுடையது வற்றாத ஓடை; கோடையில் இப்பக்கத்துத் தவளைகள் எல்லாம் அங்கேதான் ஒதுங்கும். வேண்டாம் என்றேன். "தாத்தா நாலெழுத்துப் படிச்சதும் சம்பந்தத்தையே முறிக்கிறாருங்க" என்று கேலி செய்கிறார்கள். செம்புக் குடத்தைக் கேட்டார்கள். கொடுக்கவில்லை. கழுவாமல் கட்டி வைத்திருக்கிறேன்.

ஆகவே, 28ஆம் தேதிக்குள் ஆளனுப்பித் தவளை எடுப்பதை நிறுத்தவும், குட்டை, பண்ணைத் தொட்டி, குடம் மூன்றையும் சோதிக்கவும் பணிவுடன் வேண்டுகிறேன். விசாரணையில் முதலில் என்னைக் கூப்பிடுங்கள். அந்த அறிக்கையில் உள்ள கைநாட்டு இனி என் சாட்சி அல்ல. கீழே உள்ளதே என் சாட்சி.

இடம்: குட்டைமேடு
நாள்: 19.03.2025

தங்கள் உண்மையுள்ள,
கு. தங்கசாமி
(கையெழுத்து)